கதை எழுதிய முன்சீப்

கதைப் புத்தகம் படிக்கும் பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. பாடத்தை மறந்து விடுவாள் என்பது ஒரு குற்றச்சாட்டு. இல்லாத எண்ணங்களை மனத்தில் வளர்த்துக் கொள்வாள் என்பது மற்றொன்று. துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வரும் தந்தையானாலும் சரி, காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து வீடு திரும்பும் தாயானாலும் சரி, மகள் கையில் வண்ண அட்டை போட்ட கதைப் புத்தகத்தைக் கண்டால் முகம் சுளிப்பதுண்டு. வேடிக்கை என்னவெனில், வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, டிரங்குப் பெட்டியில் பொன்போல் வைத்திருந்த பாட்டிமாரும் இதே இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும்தான் வாழ்ந்தார்கள். ஆக, வாதியும் பிரதிவாதியும் பல சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்!

தமிழில் இந்த வழக்கைக் கதைப் புத்தகத்தின் சார்பில் முதலில் எடுத்து நடத்தியவர் உண்மையிலேயே ஒரு நீதிபதி. அவர்தாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவல் எது, அதை எழுதியவர் யார் என்ற இரண்டு ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடையாக அவரை நாம் அனைவரும் அறிவோம். விடை எழுதியதும் அவரை மறந்தும் விடுகிறோம். அந்த நாவலை எடுத்துப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நமக்குத் தெரிந்த வரையில் மிகச் சிலரே. படித்துப் பார்த்த பின்னர், அதை எழுதியவரின் வாழ்க்கையையும் தெரிந்து கொள்ள வேண்டும் என்ற ஆவல் நமக்கு எழுந்தது. அதன் பயனே இக்கட்டுரை.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூர் என்னும் சிற்றூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வேதநாயகம் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். வழிவழியாகக் கத்தோலிக்க மறையைத் தழுவி வந்த குடும்பம். அக்காலத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி எளிதில் கிட்டுவதன்று. வேதநாயகத்துக்கு அது தியாகராய பிள்ளை என்பவர் மூலம் கிடைத்தது. அவர் திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்ற ஆசிரியர் அமைந்தது மாணவரின் நற்பேறு எனலாம். ஏனெனில் பின்னாளில் வேதநாயகம் பிள்ளை செய்த காரியங்கள் யாவும் இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் நின்று செய்தவையே.

படிப்பு முடிந்ததும் அதே திருச்சி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் எழுத்தராகச் சேர்ந்தார், பிறகு மொழிபெயர்ப்பாளரானார். நீதிமன்றம் என்றால் இக்காலத்து நீதிமன்றத்தை நினைத்துக் கொள்ளக் கூடாது. நீதிபதி ஆங்கிலேயர், அவருக்குத் தமிழ் சரியாக வராது. வழக்காடுபவர் உழவர், அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. நிலம் யாருக்கு, கடன் எவ்வளவு, தாலிக்கொடி யாருடையது என்பதெல்லாம் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரின் நாவில் இருந்தது. அவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். இதைக் கண்ணால் கண்டவர் வேதநாயகம் பிள்ளை. தமக்குப் புரியாத மொழியில் தம் தலையெழுத்து எழுதப்படுவதை மக்கள் கைகட்டி நின்று பார்க்கும் நிலை அவரை வருத்தியது என்பதற்கு அவர் பின்னர் எழுதிய நூல்களே சாட்சி.

1857ஆம் ஆண்டில் அவர் முன்சீப் ஆனார். முன்சீப் என்பவர் சிவில் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி. நம் இராயபுரம் இரயில் நிலையத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி ஓடியது 1856 ஜூலை முதல் நாள் என்பதை நினைவிற் கொண்டால், அது எந்தக் காலம் என்று நமக்கு விளங்கும். முதலில் தரங்கம்பாடி, பிறகு சீகாழி, அதன்பின் மாயவரம் என அவருடைய பணி காவிரிக் கரையோரமாகவே அமைந்தது. இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயவரத்தில்தான் அவர் நெடுங்காலம் பணியாற்றினார். அந்த ஊர்ப் பெயரும் பதவியின் பெயரும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு இன்றளவும் பிரியவில்லை.

முன்சீப்பாக இருந்தபோதே 1805 முதல் 1861 வரை மேல் நீதிமன்றமாகிய சதர் கோர்ட்டார் அளித்த தீர்ப்புகளைத் திரட்டி, தமிழில் சுருக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். இந்நூலைக் கதை போல் யாரும் படிக்க முடியாது; நாமும் படிக்கவில்லை. ஆனால் அக்காலத்தில் அது செய்த உதவியை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஆங்கிலம் அறியாத ஒருவர் தாமே தமிழில் பார்த்துக் கொள்ள அது வழி செய்தது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழிலேயே வழக்காட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. அக்கொள்கையை வெறும் பேச்சாக விடாமல், அதற்கு வேண்டிய கருவியையும் தம் கையாலேயே செய்து கொடுத்தார் என்பதுதான் இங்குக் கவனிக்கத்தக்கது.

அவர் எழுதிய முதல் நூல் 1859இல் வெளிவந்த நீதிநூல். செய்யுளால் ஆனது. கடவுள் வாழ்த்தில் தொடங்கி, பெற்றோரைப் பேணல், பொய்யாமை, களவு, சூது என்று செல்லும். கைக்கூலி வாங்குவோரை அவர் கடிந்து பாடியிருப்பது சிறப்பானது. நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து கொண்டே இலஞ்சத்தைப் பழித்துப் பாடத் துணிய வேண்டுமானால் தம் கை தூய்மையாக இருக்க வேண்டுமன்றோ? இந்நூலுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் தந்தார். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர் அவர். சைவத்தில் ஊறிய பெரும்புலவருக்கும் கத்தோலிக்க முன்சீப்புக்கும் இடையே இருந்த நட்பு, தமிழ் இலக்கிய வரலாற்றின் இனிய பக்கங்களுள் ஒன்று. மகாவித்துவான் தம் நண்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை என்னும் நூலையே பாடினார். வேதநாயகம் பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் தமிழ்ப் புலமையைப் பாராட்டிப் பாடினார். தேவமாதாவின் மீது அந்தாதி பாடிய அதே கரம், எல்லாச் சமயத்தவரும் கூடிப் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் இயற்றி 1878இல் வெளியிட்டது. அவற்றுள் சில இன்றும் இசை மேடைகளில் ஒலிக்கின்றன.

கீர்த்தனைகள் வெளிவந்த அந்த ஆண்டுகள் பாட்டுக்குரிய ஆண்டுகள் அல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். கப்பல்களில் வந்திறங்கிய தானிய மூட்டைகள் நம் சென்னைக் கடற்கரையில் மலைபோல் குவிந்து கிடக்க, உள்நாட்டிலிருந்து பசியோடு நடந்து வந்தவர்கள் நகரத்தின் தெருக்களில் விழுந்து கிடந்தார்கள். வேதநாயகம் பிள்ளை அப்போது ஓய்வு பெற்று மாயவரத்தில் இருந்தார். தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் வைத்துப் பலரைக் காப்பாற்றினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயவரத்தில் வாழ்ந்தவர். அவர் கடவுளைப் பாடும் வழக்கமுடையவர். மனிதரைப் பாடுபவர் அல்லர். அவரே இந்த முன்சீப்பின் கொடையைக் கண்டு மனமுருகி ஒரு கீர்த்தனை பாடினார். ஊரார் பிறகு அவரை நகரசபைத் தலைவராகவும் ஆக்கினர்.

இனி நம் வழக்குக்கு வருவோம்.

1869ஆம் ஆண்டில் வேதநாயகம் பிள்ளை பெண்மதி மாலை என்னும் செய்யுள் நூலையும், பெண் கல்வி என்னும் உரைநடை நூலையும் எழுதினார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்பதை நாம் இன்று வாதாடி நிறுவ வேண்டியதில்லை. அன்று வேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எழுத்தறிந்தவர் இல்லை. படித்த பெண் கணவனை மதிக்க மாட்டாள், கள்ளக் கடிதம் எழுதுவாள், அவளுக்குச் சீக்கிரம் வைதவ்வியம் வரும் என்றெல்லாம் அச்சங்கள் உலவின. இவற்றை ஒரு நீதிபதி எதிர்த்தரப்பு வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைப்பது போல் அவர் உடைத்துச் செல்கிறார். ஆணுக்கு அறிவைக் கொடுத்த கடவுள் பெண்ணுக்கும் அதையே கொடுத்திருக்க, அதைப் பயன்படுத்தக் கூடாதென்று தடுக்க மனிதருக்கு என்ன உரிமை என்பதே அவர் வாதத்தின் உயிர்நாடி.

நாம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமானால், பெண்மதி மாலையில் நமக்கு உடன்பாடில்லாத பகுதிகளும் உண்டு. மனைவி கணவனுக்கு எவ்வாறு அடங்கி நடக்க வேண்டும் என்று அவர் கூறும் அறிவுரைகள் இன்றைய மாணவியருக்குச் சற்றுச் சிரிப்பூட்டும். சிலருக்குக் கோபமும் வரும். ஆனால் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் எழுதியவர் அவர். தம் காலத்தவரை விட அவர் எத்தனை அடி முன்னே நடந்தார் என்று பார்ப்பதே நியாயம்.

நீதிநூல் எழுதினார், பெண் கல்வி எழுதினார். அறிஞர்கள் பாராட்டினர். ஆயினும் அறிவுரை நூலை யார் விரும்பிப் படிப்பார்கள்? நம் நூலகத்தில் கூடப் பாருங்கள். அறிவுரை நூல்கள் புது மெருகு குலையாமல் அலமாரியில் நிற்கும். கதை நூல்களுக்கோ முதுகு கிழிந்து, முதல் நான்கு பக்கங்கள் காணாமற் போயிருக்கும். இந்த உண்மையை வேதநாயகம் பிள்ளையும் கண்டிருந்தார். முன் நூல்களில் தாம் சொன்ன நீதிகளையே கதையாகச் சொல்லி, அதன் வாயிலாகத் தமிழில் உரைநடை நூல் இல்லாத குறையையும் நீக்கலாம் என்று துணிந்தார். 1879ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது.

அதற்கு முன் தமிழில் உரைநடைக் கதையே இல்லை என்பதன்று. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை 1822இலேயே அச்சேறி விட்டது. செய்யுள் வடிவில் ஆதியூர் அவதானி சரிதமும் 1875இல் வந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் கதையை, பிறப்பு முதல் தொடங்கி, பேசும் தமிழுக்கு அருகில் நின்று, நூற்றுக்கணக்கான பக்கங்களில் சொன்ன முதல் நூல் இதுவே. நம் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் எழுந்து கொண்டிருந்த நாட்களில் இந்நாவலின் தாள்கள் அச்சாகிக் கொண்டிருந்தன.

கதை படிப்பதால் இளையோர் கெடுவர் என்னும் அச்சம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் அவிலாவில் வாழ்ந்த ஒரு சிறுமி, வீரர்களும் இளவரசிகளும் நிறைந்த காதல் கதைகளில் உயிரையே வைத்திருந்தாள். அவளுடைய அன்னைக்கும் அதே பைத்தியம். தந்தைக்குப் பிடிக்காதென்று இருவரும் அவர் அறியாமல் படிப்பார்கள். புதுப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் அச்சிறுமிக்கு மனம் ஓடாது. அவள்தான் பின்னாளில் புனித தெரேசம்மாள். இக்கதைகளால் தமக்கு நேர்ந்த தீங்கைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதி வைத்தார். அவருடைய பேச்சை நாம் மறுக்கப் போவதில்லை. ஆயினும் உயிரோட்டமான நடையில் எழுதும் ஆற்றல் அப்புனிதைக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணும்போது, அந்தப் பழைய கதைப் புத்தகங்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. தெரேசம்மாள் பக்தர்கள் பொறுத்தருள்க!

இங்கிலாந்தில் 1750ஆம் ஆண்டில் டாக்டர் ஜான்சன் இதே வழக்கை எடுத்தார். நாவல்களைப் பெரும்பாலும் படிப்பவர்கள் உலகம் அறியாத இளையோர். ஆகவே நாவலாசிரியர் நல்லவரையும் தீயவரையும் ஒரே நிறத்தில் தீட்டிக் குழப்பக் கூடாது. நல்லொழுக்கத்தை அதன் முழு அழகோடு காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. மாயவரத்து முன்சீப் ஜான்சனைப் படித்திருந்தார். தம் முதன்மைப் பாத்திரங்களைக் குற்றமற்றவர்களாகப் படைத்ததற்கு ஜான்சனையே தம் முன்னுரையில் துணைக்கு அழைத்திருக்கிறார். அதாவது, கதையை ஒழித்துக் கட்டுவது வழியல்ல, நல்ல கதையைக் கொடுப்பதே வழி என்பது அவர் தீர்ப்பு.

அப்படி அவர் கொடுத்த கதை எப்படிப்பட்டது? படிக்காதவர்களுக்காகச் சிறிது சொல்கிறோம்.

சத்தியபுரியில் செல்வக் குடும்பத்தில் பிறந்த பிரதாப முதலியார் தம் கதையைத் தாமே சொல்லிக்கொண்டு போகிறார். பாட்டியின் செல்லத்தால் கெட்டுப் போன பிள்ளை. பணக்காரனுக்குப் படிப்பு எதற்கு என்பது அவருடைய சித்தாந்தம். உபாத்தியாயர் இவரை அடிக்கக் கூடாதாகையால், இவர் செய்யும் தப்புக்கு உடன் படிக்கும் கனகசபை அடி வாங்குகிறான்! இந்தப் பகுதியை நாம் வகுப்பில் வாய்விட்டுப் படித்தபோது எழுந்த சிரிப்பு அடுத்த வகுப்பு ஆசிரியையை நம் வாசலுக்கு அழைத்து வந்தது. இத்தகைய பிள்ளைக்குப் புத்தி புகட்டுபவர் அவருடைய அன்னை சுந்தரத்தண்ணி. ஊரே மதிக்கும் அறிவும் கருணையும் படைத்தவர் அவர். உடன் படிக்கும் மாமன் மகள் ஞானாம்பாளோ படிப்பில் இவரை எங்கோ பின்னே விட்டுச் செல்கிறாள். ஆண்பிள்ளைக்குப் படிப்பின் மீது ஆசை பிறப்பதற்கே அதுதான் காரணமாகிறது.

பெரியவர்களின் வீம்பினால் தடைப்பட்டுக் கிடந்த திருமணம் ஒருவாறு நடந்தேறுகிறது. பின்னர் எதிர்பாராத விபத்தினால் கணவர் உற்றாரைப் பிரிந்து விக்கிரமபுரி என்னும் ஊரில் போய் மாட்டிக்கொள்கிறார். அங்கே அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுக்கிறார். கூலி என்ன என்று கேட்டதற்குத் தன்னைச் சந்தோஷப்படுத்தினால் போதும் என்கிறான் செருப்புத் தைப்பவன். எவ்வளவு காசு கொடுத்தும் தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று சாதிக்கிறான்! வழக்கு முற்றி, பிரதாப முதலியார் சிறைக்குள் போகிறார். நெடுங்காலம் நீதிமன்றத்தில் கழித்தவருக்கன்றி வேறு யாருக்கு இப்படி ஒரு வழக்கு தோன்றும்?

கணவரைத் தேடி ஆண் உடையில் வருகிறாள் ஞானாம்பாள். அரசன் இல்லாத அந்நாட்டில் பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையிட, மக்கள் அவளை ஆண் என்றே நம்பி அரியணையில் ஏற்றுகிறார்கள். சிறைப்பட்டோரின் வழக்குகளை மறுபடி விசாரிக்கும்போது கணவரைக் காண்கிறாள். செருப்புத் தைப்பவனை அழைத்து, புதிய அரசர் பட்டம் ஏற்றது அவனுக்குச் சந்தோஷந்தானா என்று கேட்கிறாள். இல்லையென்று சொல்லிவிட்டு அரசன் முன் தலையோடு நிற்க முடியுமா? சந்தோஷம் என்கிறான். அப்படியானால் கூலி தீர்ந்தது, வழக்கும் தீர்ந்தது. அதன் பிறகு அவள் ஆளும் முறை, இலஞ்சம் வாங்கும் அதிகாரிகளை அடக்கும் விதம், இறுதியில் அரசுரிமையை உரிய இளவரசியிடம் ஒப்படைக்கும் பெருந்தன்மை ஆகிய யாவும் சுவையானவை.

இதை ஒரு விளையாட்டுக் கதையாக நினைத்து விடக் கூடாது. ஒரு பெண் பள்ளிக்கூடத் திண்ணையில் அமர்வதே தகாது என்று எண்ணிய காலத்தில், ஒரு பெண்ணை அரியணையில் அமர்த்தி, அவளைக் கொண்டு நீதி வழங்கச் செய்தார் இந்த நீதிபதி. பெண் கல்வி என்னும் நூலில் பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் வாதமாகச் சொன்னது ஞானாம்பாளாக எழுந்து நடந்தது. நூலைப் படிக்கத் தெரிந்த பெண்கள் அன்று அரிது என்றோம். படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பதே அக்கால வழக்கம். அப்படிக் கேட்ட ஏதோ ஒரு வீட்டுச் சிறுமி, தனக்கும் எழுத்துக் கற்றுக் கொடுக்கும்படி தந்தையைக் கேட்டிருக்க மாட்டாளா? நாம் அவ்வாறே கற்பனை செய்து கொள்கிறோம். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்பட்ட தோழியர் நம் பகுதியிலும் இருந்திருக்கிறார்கள் ஆதலால், இக்கற்பனை நமக்கு எளிதாகவே வருகிறது.

குறைகளையும் சொல்லாவிடில் தோழியருக்கு நாம் நேர்மை செய்தவர்கள் ஆகமாட்டோம். நாவலில் கிளைக்கதைகள் மிக அதிகம். ஒருவர் வாய் திறந்தால் ஒரு கதை; அந்தக் கதைக்குள் இன்னொரு கதை. பிரசங்கங்கள் வேறு பக்கம் பக்கமாக நீளுகின்றன. கதாநாயகியும் அவளுடைய மாமியாரும் தவறே செய்யாதவர்கள். டாக்டர் ஜான்சன் மகிழ்ந்திருப்பார்; நமக்கோ, ஞானாம்பாள் ஒரு முறையாவது கோபித்துக் கொண்டு கதவைச் சாத்த மாட்டாளா என்று இருக்கிறது. வடமொழிச் சொற்கள் நிறைந்த பழைய நடை முதல் இருபது பக்கங்களுக்குத் தடுக்கும். அதன்பின் பழகிவிடும். நகைச்சுவையோ இன்றும் வாடவில்லை. தமிழர் வழக்கைத் தமிழரான வக்கீல்கள் தமிழரான நீதிபதி முன் ஆங்கிலத்தில் வாதாடுவதை அவர் கேலி செய்யும் இடத்தைப் படித்துவிட்டு, அவரே நீதிமன்றத்தில் முன்சீப்பாக வீற்றிருந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவருடைய இரண்டாவது நாவல் சுகுண சுந்தரி 1887இல் வந்தது. இதிலும் அரசகுமாரியும் ஆபத்தும் பிரிவும் சேர்க்கையும் உண்டு. அறியாப் பருவத்தில் மணம் முடித்து வைப்பதன் தீமையை இந்நூலில் அழுத்தமாக எடுத்துக் காட்டுகிறார். கதை அளவில் சிறியது. ஆனால் ஞானாம்பாளைப் போல் மனத்தில் நிற்கும் பாத்திரம் இதில் இல்லை என்பது நம் எண்ணம்.

1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 62. தமிழ் நாவல் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. இராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரமும் மாதவையாவின் பத்மாவதி சரித்திரமும் வெளிவந்தது அதற்கடுத்த பத்தாண்டில். இரண்டும் பெண்ணின் பெயரைத் தலையில் தாங்கி வந்த நாவல்கள். அவற்றைப் படிக்க முன்சீப் இல்லை.

நம் நூலகத்தில் இரண்டாவது அலமாரியின் மேல்தட்டில் அவருடைய நாவல்கள் இரண்டும் இருக்கின்றன. தேர்வு நெருங்கும் மாதத்தில் சுகுண சுந்தரியை எடுத்துச் செல்லலாம். இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். பிரதாப முதலியார் சரித்திரம் கோடை விடுமுறைக்கு உரியது. அவசரப்படுபவர்கள் கிளைக்கதைகளைத் தாண்டிச் செல்லலாம். அதற்காக யாரும் அபராதம் விதிக்க மாட்டார்கள். விக்கிரமபுரி வரும் வரையில் மட்டும் பொறுமையாக இருங்கள். வீட்டில் யாரேனும் முகம் சுளித்தால், அந்தச் செருப்புத் தைப்பவன் வழக்கை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.